வேட்டைக்கு நீ கொண்டுபோன என் அண்ணன்

ஹேர்னிங்
11 ஜனவரி 2026

அன்புள்ள நிறோஷினிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிய பிறகு யோசித்தேன், அதை இன்னும் மனதார நினைக்கிறேனா என்று. ஓம், நினைக்கிறேன். அதனால் அந்த வரியை வெட்டவில்லை.

போனில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் வந்தால் பார்த்த கையோடு ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சம் நின்றுதான் அடுத்ததற்குப் போவாய். எனக்கு அது வேண்டும். இங்கே சிவப்புத் தபால்பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில் கடிதம் எடுக்கிற கடையில் இதைக் கொடுக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் பனி கொட்டிக் கிடப்பதால் வெளியே இறங்கப் பயப்படுகிறா. "நிறோ ஏன் இப்ப கோல் எடுக்கிறேல்லை? ஏதும் கோவமோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. நத்தார் விடுமுறைக்கு நீ வருவாய் என்று தட்டைவடை சுட்டு ஒரு ரின்னில் போட்டு வைத்தா. உனக்கு வேலை கூட என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவர் வழக்கம்போலப் பகிடிதான். "சாமி அறைக்குப் பக்கத்தில துவக்குப் பெட்டி வைச்சிருக்கிற ஒரே வீடு ஐரோப்பாவிலயே எங்கடதான். முருகன் வேலைப் பூட்டி வைச்சிட்டுத் துவக்கை எடுக்கப்போறார்" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். முன்பு அதற்கு நான் ஏதாவது திருப்பிச் சொல்லுவேன். இப்போது எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடுகிறேன். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. ஆனால் கேட்கவில்லை.

சிக்கா மான் வேட்டைக் குலுக்கலுக்கு நாம் முதல்முதல் விண்ணப்பித்த நாளை உனக்கு நினைவிருக்கும். எங்கள் குசினி மேசையில் நீ கணினியை விரித்து வைத்துக்கொண்டு அந்த அறிவித்தலைத் தமிழில் சொன்னாய். இவை இந்த நாட்டு மான்கள் அல்ல, நூறு வருடத்துக்கு முன்னர் பெரிய பண்ணைக்காரர் ஜப்பானிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்தவை, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய் இங்கத்தைய செம்மான்களோடு கலக்கின்றன, தொகையைக் குறைக்க வேண்டியிருப்பதால் அரச காட்டில் பொதுமக்களுக்கும் இடம் தருகிறோம், குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் வரலாம் என்று. வாசித்து முடித்துவிட்டு, "நூறு வருசமா இருந்தும் இன்னும் குடியுரிமை குடுக்கேல்லை, பாவங்கள்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பெயர் போடலாம். ஒருவருக்கு விழுந்தால் இரண்டு பேருக்கும் விழுந்த மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் நீதான் நிரப்பினாய், எனக்குப் பதிலாகவும் சேர்த்து. நான்கு வயதில் இங்கு வந்தவள், டேனிஷ் உன் நாக்கில் ஓடும். நான் ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. போன புரட்டாதியில் நீ கோல் எடுத்து, "இந்த முறையும் எங்களுக்கு விழேல்லை கஜக்கா. ஜப்பான்காரர் தப்பிட்டினம்" என்றாய். நான்தான் உன்னைத் தேற்றினேன்.

நான் என் பாட்டில் செய்த ஒரே காரியம், யாராவது கடைசி நேரத்தில் வராமல் விட்டால் கூப்பிடுங்கள் என்று காட்டுப் பொறுப்பாளரிடம் என் பெயரையும் கொடுத்து வைத்ததுதான். பக்கத்தில் வசிப்பவர்கள் அப்படிக் கொடுக்கலாம். மார்கழி முதல் கிழமையில் அவர் கூப்பிட்டார். யாருக்கோ காய்ச்சலாம், சனிக்கிழமை வரமுடியுமா என்று. உடனே உனக்குத்தான் சொல்ல வந்தது. சொல்லவில்லை. எனக்கு மட்டும் கிடைத்தது என்று உன் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். இறைச்சி கிடைத்தால் கொண்டுவந்து தந்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்றோம். இன்னும் சரியாக விடியவில்லை. பொறுப்பாளர் விதிகளைச் சொல்லிப் பெயர்களைக் கூப்பிட்டார். என் பெயரை அவர் உடைத்து உடைத்துச் சொல்லி முடிக்க, அடுத்ததாக உன் பெயர் வந்தது. தோடம்பழ நிறத் தொப்பிக்குக் கீழே உன் முகத்தைக் கண்டேன். நீ நிலத்தைப் பார்த்தாய். அப்போதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, நிறோ. உன்னையும் என்னைப் போலக் கடைசி நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள், நீயும் என் மனம் நோகக்கூடாது என்று மறைத்திருப்பாய் என்று நினைத்தேன். கையைத் தூக்கி ஆட்டினேன். அதற்குள் நம்மை வேறு வேறு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிவிட்டார்கள்.

அன்று காலை நான் பரண் கோபுரத்தில் இருந்தபோது மான்கள் வந்தன. முதலில் ஒரு விசில் கேட்டது, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஊதுவது போல. ஆபத்தைக் கண்டால் சிக்கா மான் அப்படித்தான் கத்தும் என்று வேட்டைப் பரீட்சைக்குப் படித்திருந்தோமே. தாயும் குட்டியுமாகப் பன்னச் செடிகளுக்குள்ளால் வந்து நின்றன. குட்டியைத்தான் முதலில் சுட வேண்டும் என்பது விதி. தாயை எடுத்துவிட்டால் குட்டி தனித்து அலையும். நான் சுட்டேன். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. இதை நீ பார்த்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மத்தியானம் நெருப்பு மூட்டி, மஞ்சள் பட்டாணிச் சூப் தந்தார்கள். நீ சுட்ட மானைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றதால் வரப் பிந்தியது. எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் வந்து இருந்தார். பெயர் ஹென்னிங் என்றார். நீ சேர்ந்திருக்கும் சுடுதல் கழகத்தில் இருபது வருடமாக இருப்பவராம். நிறோஷினி விண்ணப்பத்தில் தன்னோடு அவருடைய பெயரைச் சேர்த்துப் போட்டாளாம், அதனால்தான் கோடையிலேயே இரண்டு பேருக்கும் இடம் உறுதியாகிவிட்டதாம் என்று சந்தோசமாகச் சொன்னார். சூப் என் வாயில் இருந்தது. விழுங்கினேன்.

நீங்களும் தமிழர்தானே, அவளைத் தெரிந்திருக்குமே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுடைய அண்ணனின் கதை பயங்கரம் என்றார். உனக்கு அண்ணன் இல்லை. இரண்டு தங்கைகள்தான்.

அவர் சொன்னார். பதினான்கு வயதில் அவள் குடும்பத்தோடு ஒரு கடலேரியைக் கடந்தாளாம். வள்ளம் நிறைந்து போயிருந்ததாம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்காக அவள் அண்ணன் தன் இடத்தை விட்டுக்கொடுத்தானாம். நான் அப்போதும் உன்னைக் காப்பாற்றப் பார்த்தேன். எங்கள் ஊர்களில் ஒரே விதமான கதை எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறதே, இது வேறு யாருடையதோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அவர் துவாரகன் என்று பெயரைச் சொன்னார். மிகச் சரியாகச் சொன்னார். நீ சொல்லிக் கொடுத்திருப்பாய்.

கிளாலிக் கடலேரிக் கரையில் நடந்ததை நான் இவருக்குக்கூட முழுவதும் சொன்னதில்லை. சூட்டுப் பரீட்சை முடிந்த அன்று, மழைக்குள் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு உனக்குத்தான் சொன்னேன். என் அண்ணை வள்ளத்தை விட்டு இறங்கிக்கொண்டே, "நீங்கள் போங்கோ, நான் அடுத்த வள்ளத்தில வாறன்" என்றான். அடுத்த வள்ளம் வந்தது. அதில் வந்த எல்லோரும் இறங்கினார்கள். அவன் இல்லை. அதற்கடுத்த வள்ளத்திலும் இல்லை. செத்ததைக் கண்டவர்களும் இல்லை, பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்களும் இல்லை. கதை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் எங்களிடம் இல்லை. அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிடக் கூட அழுதாய்.

ஹென்னிங்கிடம் நீ சொன்ன கதைக்கு முடிவு இருந்தது. அடுத்த வள்ளத்தில் அவன் வந்தானாம். சூடு பட்டு வந்தானாம். உன் மடியில் கிடந்து உயிர் விட்டானாம். கரை மணலை நீ கையால் தோண்டினாயாம். சொல்லும்போது அந்த மனிசனின் கண் கலங்கியது. கழகச் சஞ்சிகையின் மாசி இதழில் அவளைப் பற்றி எழுதப்போகிறோம், படமும் கிடைத்துவிட்டது, வெள்ளைச் சேட்டுப் போட்ட வடிவான பொடியன் என்றார்.

அந்தப் படத்தைக் கார்த்திகையில் நான்தான் உனக்கு அனுப்பினேன். "எங்கட சாமி அறையில வைச்சு விளக்குக் கொழுத்தப்போறன் கஜக்கா" என்று சொல்லிக் கேட்டாய். விளக்கு வேண்டாம், சும்மா வை என்றேன். போனை வைத்துவிட்டு, என் அண்ணனை நினைக்க எங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் இருக்கிறதே என்று அழுதேன்.

பிறகு நீ வந்தாய். சட்டைக் கையில் இரத்தம். ஹென்னிங் எழும்பி நின்று, நல்ல மனதோடு நம் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தினார். இவவும் உங்கள் நாடு, நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு கையை நீட்டி, டேனிஷில், வணக்கம், நான் நிறோஷினி என்றாய்.

நான் உன் கையைப் பிடித்து என் பெயரைச் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அத்தனை பேருக்கு முன்னால் உன்னைப் பொய்க்காரியாக்க என்னால் முடியவில்லை. அதுமட்டும் இல்லை. வாயைத் திறந்தால், அந்தச் சூப்புக் கோப்பைகளுக்கு நடுவில், அவன் உண்மையில் எப்படிக் காணாமல் போனான் என்று நான் சொல்ல வேண்டி வரும். உன் கதை என்னுடையதைவிட நன்றாக இருந்தது, நிறோ. அதில் அழுவதற்கு ஓர் இடம் இருந்தது.

பின்னேரம் மான்களைத் தேவதாருக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்திக் கொம்பு ஊதினார்கள். சுட்டவர்கள் முன்னுக்கு வரச் சொன்னார்கள். நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "க்னெக் ஓ ப்ரெக்" என்று ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். முறைப்படி நானும் உனக்குச் சொன்னேன். உன் கை குளிர்ந்து போயிருந்தது. ஹென்னிங் நம்மைப் படம் எடுத்துவிட்டு, அக்கா தங்கை போல இருக்கிறீர்கள் என்றார்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் கேட்டேன். ஒன்றை மட்டும் திரும்பவும் கேட்டேன். "எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் என்னட்டக் கேக்கினம் கஜக்கா. நாலு வயசில பிளேனில வந்தனான், சொக்லேற் தந்தவை எண்டு சொன்னா முகம் விழுந்துபோகுது. எனக்கெண்டு சொல்ல ஒண்டுமில்லை. ஒருக்காத்தான் சொன்னன், பிறகு நிப்பாட்ட ஏலாமல் போச்சு. நீங்கள் அங்க வந்தா எல்லாம் தெரிஞ்சிடும் எண்டு பயந்திட்டன். அண்ணையை நானும் என்ர அண்ணையாத்தான் நினைச்சனான்" என்று அழுகிறாய். அந்தக் கடைசி வரியில் நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. குலுக்கலில் என் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டது ஒரு நாள் ஆறும். எனக்கு மான் பெரிதில்லை.

அம்மாவை உனக்குத் தெரியும். அவன் பிறந்த நாளுக்கு ஒவ்வொரு வருடமும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி, துவாரகன், பூரட்டாதி நட்சத்திரம் என்று ஐயரிடம் சொல்லுவா. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை. திவசம் செய்யலாம் என்று மாமா ஒருமுறை வாயெடுத்ததற்கு இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அம்மாவுக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படம் தெரியும். இந்த நாட்டில் நாம் எத்தனை பேர்? கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் ஹ்விடோவ்ரேயில் வரும் சஞ்சிகை ஹேர்னிங் கோயில் வாசலுக்கு வர ஒரு கிழமை போதும். "அக்கா, உங்கட மோன்ர படம் கண்டன். வள்ளத்தில சூடு பட்டதாமே" என்று யாராவது அன்பாகத்தான் வந்து கேட்பார்கள். அதற்குப் பிறகு அம்மா யாருடைய பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்குவா?

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாசி பிறக்க முதல் ஹென்னிங்கைக் கூப்பிடு. படத்தை வாங்கிவிடு. அந்த எழுத்தை நிறுத்து. அது நான் இல்லை, வேறொருத்தி என்று சொல்ல உனக்குத் தைரியம் வந்தால் சொல். வராவிட்டால், நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கரையில் நின்றது நீதான் என்று அவர் நினைத்துக்கொண்டே இருக்கட்டும். அவனை உன் அண்ணன் என்றே சொல்லிக்கொள். அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் உன் மடியிலிருந்து அவனை எழுப்பிவிடு. நான் பொய் சொன்னேன், அவன் சாகவில்லை, அவனைக் காணவில்லை என்று சொல். காணவில்லை என்பதை அவர்களுக்கு டேனிஷில் விளங்கப்படுத்த என்னைவிட உன்னால் முடியும்.

சொல்லிவிட்டாயென்றால் அம்மாவுக்கு ஒரு கோல் எடு. எனக்கு வேண்டாம்.

கடல் பாலம் கடக்கும்போது காற்றுக் கூட, காரைப் பார்த்து ஓட்டு. பிள்ளையார் உன் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும். ஒருவரும் குறையாமல்.

இப்படிக்கு,
கஜந்தி
(துவாரகனின் தங்கை)