பண்ணையாரை முந்திவிட்டோம், சங்கர்

என் கூடப்பிறந்த ராசா சங்கருக்கு,

நேற்று சாயங்காலம் உன் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டோம். ஓட்டியது யார் என்று சொன்னால் நம்பமாட்டாய். ஸ்கூட்டியில் கழுகுமலை ரோட்டைத் தாண்டவே பயப்படுகிற உன் அக்காதான். நீ சிரிப்பாய் என்று தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரி.

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். சிறுநீரகம் கெட்டு, திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போவதும் வருவதுமாகவே உன் பிழைப்பு ஆன பிறகு, செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தாய். உன் கடைக்குப் பழுது பார்க்க வந்து, கொடுத்தவர் திரும்ப வாங்க வராமலே கிடந்த ஒரு கேம் பெட்டி இருந்தது. அதைச் சரிசெய்து டிவியில் மாட்டினாய். உள்ளே இருந்தது ஒரு கார் பந்தயம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற என் ஜெராக்ஸ் கடையை அடைத்ததும் நேரே உன் வீட்டுக்கு வருவேன். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு ஓட்டுவாய். நான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கமென்டரி சொல்லுவேன். உன் பொண்டாட்டி செல்வி அடுக்களையில் இருப்பாள். எட்டிப் பார்க்கக்கூட மாட்டாள்.

நமக்கு இரண்டே சட்டம்தான். ஒரு நாளைக்கு ஒரு பந்தயம். என்ன முடிவு வந்தாலும், அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டக்கூடாது. ஒருமுறை முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவன், கடைசி வளைவில் சுவரில் இடித்துத் தோற்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏலே, அழிச்சிட்டு இன்னொரு தடவ ஓட்டு. இங்கன யாரு பாக்கா?" என்றேன்.

"அதெப்படி யக்கா? அவன் பாத்துட்டாம்லா" என்று ஜெயித்த காரைக் காட்டினாய். அந்தக் காரை ஓட்டியது கம்ப்யூட்டர். அதனிடம் போய் மரியாதை பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.

கம்ப்யூட்டர் ஓட்டுகிற கார்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் ஓடும் என்று நினைத்திருந்தேன். எங்கே? ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறுக்கு. ஒரு வெள்ளைக் கார், முன்னால் ஈ காக்கை இல்லாவிட்டாலும் மேட்டு வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் போடும். "கை காட்டுதவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுல்லா வருதான்" என்று சொல்லி அதற்கு டவுன் பஸ் என்று பேர் வைத்தாய். பச்சைக் கார் எப்போதும் கடைசி. பின்னால் யாராவது வந்தால் வழிவிட ஒதுங்கும். ஒதுங்கினால் போதாதென்று சுத்தமாக நின்றேவிடும். வந்தவர் தாண்டிப் போனால்தான் நகரும். அதற்குச் சம்பந்தி என்று பேர். "வாங்க" என்று சொன்னாலும் "நீங்க முதல்ல போங்க" என்று வாசலிலேயே நிற்கிற சம்பந்தி.

சிவப்புக் காருக்குப் பண்ணையார் என்று பேர் வைத்தது நான். ரோடு முழுக்கத் தன் பேரில் பட்டா ஆனதுபோல நட்டநடுவில் போவார். முன்னால் யாராவது நின்றுவிட்டால் சுற்றிக்கொண்டு போகமாட்டார். அவர்களாக விலகட்டும் என்று பின்னாலேயே உறுமிக்கொண்டு நிற்பார். நீ அவரைத் தாண்டிவிட்டாலோ, அந்த வேகம் எங்கிருந்துதான் வருமோ, அடுத்த வளைவுக்குள் உன் முதுகில் வந்து இடிப்பார்.

"கேம்லயே அப்படித்தான் வச்சிருக்கான் யக்கா. நாம முந்துனா அவனுக்கு வேகம் கூடும்" என்றாய்.

"அப்ப அது பந்தயமாலே? அநியாயம்லா!" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. எனக்கும் சேர்த்து நீ பொறுமையாகப் பிறந்திருந்தாய்.

ஒருநாள் முதல் வளைவிலேயே எல்லாக் கார்களும் ஒன்றோடொன்று முட்டிக் கவிழ்ந்து கிடந்தன. உன் காரும்தான். சம்பந்தி மட்டும் ரொம்பப் பின்னால் வந்ததால் வளைவுக்கே வந்து சேரவில்லை. நிதானமாக வந்தது, ஓரமாக ஒதுங்கியது, போனது. பின்னால் வருவதற்கு ஆளே இல்லாததால் எங்கும் நிற்காமல் ஓடி, ஜெயித்தும்விட்டது. நீ எழுந்து உட்கார்ந்து கை தட்டினாய். "அவனுக்கும் ஒருநாள் வரணும்லா யக்கா" என்றாய். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போயிருந்த உன் கையைப் பார்க்க முடியாமல் நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு, உனக்காக நேர்ந்துகொண்டு நான் கோயிலைத் திரும்பத் திரும்ப வலம் வருகிற ஆடிச்சுற்று சுற்றினேன். கால் வீங்கி வந்து சேரில் விழுந்தவளைப் பார்த்து என்ன சொன்னாய்? "நீ கோயிலச் சுத்துத, நான் டிராக்கச் சுத்துதேன். ரெண்டு பேரும் பொறப்பட்ட எடத்துக்கேதான் வந்து நிக்கோம்." எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அடித்திருப்பேன். உடம்பு சரியில்லாதவன் என்று விட்டேன்.

அந்த சீசனில் ஒரே ஒரு பந்தயம் பாக்கி இருந்தது. பண்ணையார் முதல் இடம், நீ இரண்டாம் இடம். கடைசிப் பந்தயத்தில் நீ ஜெயித்து, பண்ணையார் ஒரு புள்ளிகூட வாங்காமல் போனால்தான் கோப்பை உனக்கு. நடக்கிற காரியமா? எல்லாரும் கவிழ்ந்த அந்த ஒருநாளைத் தவிர, பண்ணையார் புள்ளி வாங்காத பந்தயத்தை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் ஓட்டிவிடலாம் என்று தினமும் உன்னைப் பிடுங்கினேன். தபசுக் கூட்டம் முடியட்டும் என்றாய். முடிந்தது. கை வலி குறையட்டும் என்றாய். பிறகு மழை விடட்டும் என்றாய். வீட்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுவதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டை பிடித்தேன். பழைய பந்தயங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தினாய். ஐப்பசி மழை விடுவதற்குள் போய்விட்டாய்.

உன் காரியங்கள் முடிகிறவரை வீடு நிறைய ஆள் இருந்தது. பிறகு செல்வி மட்டும். பிள்ளைகுட்டியும் இல்லாத வீடு. நான் போவேன். ஆனால் போய் என்ன பேச? இத்தனை வருஷமும் நானும் அவளும் உன் மூலமாகத்தான் பேசினோம். "ஒங்க அக்காவுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க" என்பாள். "ஒம் பொண்டாட்டிய சீனி கம்மியாப் போடச் சொல்லுலே" என்பேன். நடுவில் நீ இல்லாமல் ஒரு டம்ளர் காப்பிகூட எங்களுக்குள் கைமாறத் தெரியவில்லை. அவள் டம்ளரை மேசையில் வைப்பாள், நான் எடுத்துக் குடிப்பேன், எழுந்து வருவேன். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனது.

போன வாரம் பூ மார்க்கெட்டில் வைத்து ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், செல்வியை அவள் ஊரான திருவேங்கடத்துக்கே கூட்டிப்போக அவள் அண்ணன் வேன் பேசியிருக்கிறார் என்று. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். போகாதே என்று சொல்ல நான் யார்? பிறந்த வீடு, அண்ணன் தம்பிமார். இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு காப்பி குடிக்கிற ஒரு மதினியைத் தவிர? ஆனால் அவளும் போய்விட்டால், சங்கர் என்ற பேரைச் சொல்லிப் பேச எனக்கு இந்த ஊரில் ஒரு வாசல் கிடையாது.

நேற்று அவளே போன் செய்தாள். "மதினி, டிவிய கழட்டணும். அதுக்கு முன்ன அந்தப் பந்தயத்த முடிச்சிருங்க. பாதியில கெடக்கது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

போனேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. சேரில் உட்கார்ந்து, நான் ரிமோட் என்று சொன்னால் நீ கன்ட்ரோலர் என்று திருத்துவாயே, அதைக் கையில் எடுத்தேன். பந்தயம் தொடங்கியதும் எல்லாக் கார்களும் சிட்டாய்ப் பறந்தன. நான் மட்டும் தேர் நகர்வதுபோல நகர்ந்தேன். சம்பந்திகூட என்னைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி இடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அப்போது பின்னாலிருந்து செல்வியின் குரல். "மேட்டு வளைவு வருது மதினி. டவுன் பஸ் பிரேக் போடுவான், பாத்து."

திரும்பிப் பார்த்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"ஏட்டி, இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் போட்ட சத்தம் தெருவுக்கே கேக்கும். அடுக்களைக்குக் கேக்காதா? பண்ணையார் முன்னால போறாரு, ரோட்டப் பாருங்க."

என் பக்கத்தில், உன் கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கேமுக்குள் மழை பிடித்தது. மழை வந்தால் டயர் மாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்த பட்டனை அமுக்கினால் மாற்றலாம் என்றுதான் இரண்டு பேருக்குமே தெரியாது. "நீ எதையாவது அமுக்கி நின்னுரப்போவுது மதினி, அப்படியே போங்க" என்றாள். பதற்றத்தில் நீங்கவும் நீயும் கலந்து வந்தது. வழுக்கிற டயரோடு ஊர்ந்து ஊர்ந்து போனேன்.

கம்ப்யூட்டர் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் டயர் மாற்ற, ரோட்டை ஒட்டியிருக்கிற தனிப் பாதைக்குள் போயின. மாற்றிக்கொண்டு முதலில் கிளம்பியது சம்பந்தி. பின்னால் பண்ணையார் வந்தார். அவ்வளவுதான், வழிவிட வேண்டுமென்று சம்பந்தி நின்றுவிட்டது. அந்தக் குறுகிய பாதையில் ஒதுங்க இடம் ஏது? அவர் போனால்தான் இது நகரும். இது விலகினால்தான் அவர் போவார். அவருக்குப் பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் மற்ற எல்லோரும், தேரோட்டத்தன்று ரத வீதியில் மாட்டிக்கொண்ட வண்டிகளைப்போல வரிசையாக நின்றார்கள். ரோட்டில் நான் ஒருத்திதான்.

"மதினி! எல்லாவனும் நிக்கான்! நீங்க மட்டுந்தான் ஓடுதிய!" என்று செல்வி கட்டிலிலிருந்து குதித்தாள்.

சுற்றுமேல் சுற்றாகப் போனேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிசையைத் தாண்டினேன். பின்தங்கியிருந்த சுற்றுகளையெல்லாம் பிடிக்கப் பிடிக்க, திரையில் உன் பேர் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தது. கடைசிச் சுற்று. கடைசி வளைவு. முடிவுக் கோடு எதிரே தெரிந்தது.

பிரேக் போட்டேன். கார் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"ஏன் மதினி நின்னுட்டிய?"

"தாண்டுனா முடிஞ்சிரும்லாட்டி" என்றேன். நீ விட்டுப்போனதில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான், சங்கர். அதையும் என் கையாலேயே முடிக்க வேண்டுமா?

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவுகளும் அதுக்குத்தான் தள்ளித் தள்ளிப் போட்டாக. 'பந்தயம் முடிஞ்சா அக்கா தெனமும் வரமாட்டா செல்வி, அவ கமென்டரி இல்லாம எனக்குப் பொழுது எப்படிப் போவும்'னு எங்கிட்டச் சொன்னாக. ஒங்ககிட்டச் சொன்னா ஏசுவியன்னு பயம்."

ஏலே, மழை விடட்டும் என்று நீ சொன்னதெல்லாம் இதற்குத்தானா? பந்தயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேனே. இதைக்கூடவா என்னிடம் கேட்கக் கூடாது? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வேகத்தில்தான், இத்தனை நாளும் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"செல்வி, நீ திருவேங்கடத்துக்குப் போவாதட்டி."

"இருந்தா வருவியளா?"

"வருவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

பட்டன்மேல் இருந்த என் விரல்மேல் அவள் விரலை வைத்து அமுக்கினாள். கார் கோட்டைத் தாண்டியது. கோட்டைத் தொடாத பண்ணையாருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கோப்பையும் உன் பேரும் திரையில் வந்தன. அவள் உன் பேரைச் சத்தமாக வாசித்தாள். அவளை நான் கட்டிக்கொண்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நாங்கள் ஆளுக்கொரு மூலையில்தான் அழுதோம். நேற்றுதான் சேர்ந்து அழுதோம்.

பிறகு செல்வி முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அண்ணனுக்குப் போன் போட்டாள். "வேன் கொண்டாராதிய அண்ணே. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றாள். ஒத்தையில் எப்படி இருப்பாய் என்று அவர் கேட்டிருப்பார் போல. "ஒத்தையில என்ன? எங்க மதினி இருக்காகள்லா" என்றாள். அவள் வாயிலிருந்து 'எங்க மதினி' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சங்கர், நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்காததற்கு இப்போது வாக்குக் கொடுக்கிறேன். கடை அடைத்த பிறகு என் வண்டி உன் வாசலில்தான் வந்து நிற்கும். பேச விஷயம் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டாலும் மறுநாள் வரும். நீ நிம்மதியாக இரு, ராசா.

உனக்கு அக்காவும், செல்விக்கு மதினியுமான
கோமதி
சங்கரன்கோவில்