நீங்கள் நித்திரை கொண்ட மத்தியானம்

மச்சாள்,

காட்டில் அடித்த டென்ற் இன்னும் காயவில்லை. நேற்றுப் பின்னேரம் காரிலிருந்து இறக்கி, பேஸ்மெண்ட் படிக்கட்டுக் கம்பியில் விரித்துப் போட்டிருந்தேன். இன்று காலை உடுப்புத் தோய்க்க இறங்கியபோது அதன் மணம் மூன்றாம் படியிலேயே என்னை நிறுத்திவிட்டது. விறகுப் புகை, பைன் மரப் பிசின், ஈரத் துணி, அதற்குள் எங்கேயோ ஒளிந்திருந்த உங்கள் நோவெண்ணெய். கூடையைப் படியில் வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டேன். உடுப்பு நாளைக்கும் தோய்க்கலாம். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. ஐந்து கோடையாக வாய்க்குள் வைத்திருக்கிறேன். வாய் ஓயாத எனக்கு அது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்களும் நானும் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்ற நாள் நினைவிருக்கிறதா? எங்களோடு வேலை செய்த அந்த வெள்ளைக்காரப் பெண், கனடாவின் வடக்கே பிறந்து வளர்ந்தவள், தன் விடுமுறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரவுன் லாண்ட் என்று ஒன்று இருக்கிறதாம். அரசாங்கத்தின் காடு. இந்த நாட்டில் குடியிருக்கிற எவரும் போய்க் கூடாரம் அடிக்கலாம், ஓரிடத்தில் இருபத்தொரு நாள் வரைக்கும். பதிவு இல்லை, கட்டணம் இல்லை, வாசலில் காவலாளி இல்லை. குழாயும் கழிப்பறையும்கூட இல்லை. நான் உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் கையிலிருந்த விரிப்பை மடிக்க மறந்து நின்றீர்கள்.

"அரசாங்கக் காணியெண்டால் ஆரிட்டப் பாஸ் எடுக்கிறது?"

"ஒருத்தரிட்டயும் இல்லையாம்."

"உது நம்பக்கூடிய கதையே?"

உங்களால் நம்ப முடியாததில் பிழை இல்லை. ஊரில் உங்கள் அப்பாவின் காணியைச் சுற்றி இராணுவத்தார் முள்ளுக்கம்பி அடித்து, அதே இரண்டு சொற்களை எழுதிய பலகையைத்தான் நட்டு வைத்திருந்தார்கள். கையில் காணி உறுதியோடு போய் நின்ற உங்களை உள்ளே பார்க்கவும் விடவில்லை. அரசாங்கக் காணி என்றால் உங்களுக்குத் திருப்பி அனுப்பப்படும் இடம். 'வா, வந்து படு' என்று சொல்கிற அரசாங்கக் காணி உலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நீங்கள் போக விரும்பினீர்கள். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அப்போது நான் ஏதோ பிக்னிக் என்று நினைத்தேன்.

வீட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. கிளப்பியவர் உங்கள் தம்பி, என்னுடைய மனிதர்தான். "கண்டறியாத காம்பிங். சண்டைக் காலத்தில வன்னியில தறப்பாள் கூடாரத்துக்குள்ள கிடந்தது அக்காவுக்குக் காணாதே?" என்றார். நீங்கள் தேத்தண்ணீரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னீர்கள்.

"அப்ப துரத்தினவங்கள், கிடந்தனான். இப்ப நானாப் போறன். ரெண்டும் ஒண்டே?"

அதற்குப் பிறகு அவர் காருக்குக் காற்று அடித்துத் தந்தார்.

உங்கள் நித்திரையைப் பற்றி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்களுடைய வெக்ஸ்போர்ட் வீட்டில் நீங்கள் வந்து தங்குகிற நாட்களில் முன்கதவுப் பூட்டை மூன்று தரம் போய்ப் பார்ப்பீர்கள். பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் வைத்த அந்தப் பழுப்புக் கைப்பை தலையணைக்குக் கீழே இருக்கும். காலையில் எழும்பினால் நீங்கள் ஏற்கனவே குசினியில் இருப்பீர்கள், கண் சிவந்து. "நல்லாப் படுத்தனீங்களோ?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் நீங்கள் முழு நித்திரை ஒன்று கொண்டதை நான் காணவில்லை.

முதல் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. ஹன்ட்ஸ்வில் தாண்டி, தார் வீதி முடிந்து, மரம் ஏற்றுகிற லொறிகள் போடும் மண் பாதையில் போய், ஓர் ஏரிக்கரையில் காரை நிறுத்தினோம். நான் சாமான்களை இறக்கத் தொடங்கினேன். நீங்கள் காட்டின் ஓரத்தில் போய் நின்று, ஊரில் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவது மாதிரி, "வீட்டுக்காரர்! வரலாமோ?" என்று குரல் கொடுத்தீர்கள்.

"ஆரும் இல்லாத காட்டில ஆரைக் கூப்பிடுறியள்?" என்று கேட்டேன்.

"இருந்திருப்பினம்தானே, கிரவுன் வந்து பிடிக்கமுதல். எங்கட காணியிலயும் இப்ப ஆரும் இல்லையெண்டுதான் சொல்லுவாங்கள்."

காடு பதில் சொன்னதா என்று தெரியாது. ஆனால் நீங்கள் கூப்பிட்டு முடித்த பிறகு வந்த அமைதியை நான் அதற்கு முன் எங்கேயும் கேட்டதில்லை. கோயிலில் நடை சாத்திய பிறகுகூட எங்கேயாவது ஒரு வாளி சத்தம் போடும். இங்கே ஒன்றும் இல்லை. மரங்கள் ஏரியின் மறுகரை வரைக்கும், அதற்கப்பாலும், கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கும் நின்றன. வேலி இல்லை. எனக்குக் கால் கூசியது. இவ்வளவு பெரிய இடத்துக்குள் எங்களைச் சும்மா விட்டிருக்கிறார்களே என்று நம்ப முடியாமல் இருந்தது.

கூத்து அதற்குப் பிறகுதான். சலவைப் பகுதியில் கதை சொன்ன அந்தப் பெண் எங்களுக்கு ஒரு கயிறும் தண்ணீர் புகாத பையும் தந்து, கரடி வராமல் இருக்கச் சாப்பாட்டை மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த வேலையை நீங்கள் பொறுப்பெடுத்தீர்கள். விடிய எழும்பிப் பார்த்தால் புட்டும் மீன் பொரியலும் வைத்திருந்த பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. இரவில் திருடித் தின்னும் றக்கூன்கள் சம்பலைக்கூட விட்டுவைக்கவில்லை. மரத்தில் பன்னிரண்டு அடி உயரத்தில் பை பத்திரமாகத் தொங்குகிறது. இறக்கித் திறந்தால் உள்ளே உங்கள் கைப்பை.

"சாப்பாடு போனாத் திருப்பிச் சமைக்கலாம். உறுதி போனா?" என்றீர்கள். அன்று இருவரும் பிஸ்கட்டோடு வீடு வந்தோம்.

அடுத்த கோடையும் போனோம், அதற்கடுத்ததும் போனோம். கைப்பை மரத்திலிருந்து இறங்கி டென்றுக்குள் வந்தது. பிறகு காருக்குள் போனது. நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் அதைத் திரும்பத் தலைக்குக் கீழே கொண்டுவந்துவிடுவீர்கள் என்று பயம்.

உங்களுக்கு இருந்த ஒரே ஆசை மூஸ் காண்பது. குதிரையிலும் உயரமான அந்த மான் இனத்தின் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, கனடாவுக்கு வந்து இதைக் காணாமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை என்றீர்கள். வடக்கே போகும் வழியெல்லாம் மூஸ் படம் போட்ட மஞ்சள் பலகைகள் நிற்கும். ஒவ்வொரு பலகையையும் கடக்கும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்ப்பீர்கள். "உந்தப் போர்ட்டில மட்டும்தான் மூஸ் இருக்குது. எங்களைப் பேய்க்காட்டுறாங்கள்" என்று திட்டுவீர்கள். அடுத்த பலகைக்குத் திரும்பவும் கண்ணாடியைத் துடைப்பீர்கள்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நாலாவது கோடை. ஆடி மாதம். சாப்பிட்டு முடித்துவிட்டுக் கரையோரத்துப் பெரிய பாறையில் உட்கார்ந்திருந்தோம். பாறை வெயில் வாங்கி இளஞ்சூடாக இருந்தது. "கொஞ்ச நேரம் நாரி முதுகை நிமித்துறன்" என்று சொல்லிச் சாய்ந்தீர்கள். தலைக்குக் கீழே ஒரு துவாய் மட்டும். ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன், உங்களிடமிருந்து 'ம்' வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் சற்றுத் திறந்து, ஒரு கை பாறையில் விரிந்து, நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். பூட்டும் கதவும் சுவரும் இல்லாத இடத்தில், பட்டப்பகலில், கரடி உலாவுகிற காட்டில்.

மச்சாள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அசைந்தால் எழும்பிவிடுவீர்கள் என்று இருமலையும் விழுங்கினேன். ஒரு மரக்கொப்பை முறித்து நுளம்பு உங்கள் முகத்தில் கடிக்காமல் விசிறினேன். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் கொப்புகள் முறிகிற சத்தம். கரடிதான் என்று விசிறுவதை நிறுத்தினேன். பிறகு மரங்களுக்கிடையிலிருந்து கால்கள் வந்தன. கால்கள் மட்டும், முடிவில்லாமல். அதற்கு மேல் உடம்பு, அதற்கும் மேல் அந்தத் தலை. பெண் மூஸ் அது. பின்னாலேயே சிவலை நிறத்தில் ஒரு குட்டி. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவு தூரம்தான் இருக்கும். தாய் தண்ணீருக்குள் இறங்கித் தலையை முழுதாக அமிழ்த்தியது. தூக்கியபோது வாய் நிறைய நீர்ப்பூண்டு, காதுகளிலிருந்து தண்ணீர் ஊற்றியது, அதன் மேல் வெயில் பட்டது. அது என்னைப் பார்த்தது. உங்களைப் பார்த்தது. பிறகு தன்பாட்டில் சப்பத் தொடங்கியது. எங்களை அது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு ஆசீர்வாதமாக இருந்தது. இந்த உலகம் இவ்வளவு பெரிதா, இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று இருந்தது.

என் கை உங்கள் தோளுக்கு மேலே வந்து நின்றது. தொட்டால் போதும். நீங்கள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்று உங்கள் கால்மாட்டில் நிற்கிறது. ஆனால் திடுக்கிட்டு எழும்புகிற உங்களை எனக்குத் தெரியும். எழும்பும்போதே கை பையைத் தேடும். அந்த முகத்தை எத்தனை விடியலில் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் வராத நித்திரை இப்போதுதான் வந்திருக்கிறது. மூஸ் இன்னொரு நாள் வரும், இது வருமா?

கையை எடுத்துவிட்டேன்.

இரண்டும் போன பிறகும் நீங்கள் நெடுநேரம் படுத்திருந்தீர்கள். எழும்பியபோது கன்னத்தில் துவாயின் கோடு. கண் வெள்ளையாக இருந்தது.

"என்ன, ஏதேனும் வந்ததே?"

"ஒண்டும் வரேல்லை" என்றேன்.

சொன்னால் அடுத்த தரம் மூஸ் பார்ப்பதற்காக முழித்திருப்பீர்கள் என்றுதான் அந்தப் பொய். நீங்கள் தேத்தண்ணீர்க் கேத்திலை எடுத்துக்கொண்டு கழுவக் கரைக்கு இறங்கினீர்கள். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. சேற்றில் என் விரித்த கை அளவு குளம்படிகள் கிடக்குமே! ஒரு கேத்தில் கழுவுகிற நேரத்திலும் பார்க்க நீங்கள் அங்கே கூட நேரம் நின்றீர்கள். திரும்பி வந்து, "தண்ணி கலங்கிக் கிடக்கு" என்றீர்கள். பிறகு, நெருப்பை மூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

"நாளைக்கும் மத்தியானம் நான் படுக்கப்போறன். நீர் இருக்கிறீர்தானே?"

அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தரமும் அதே பாறையில் படுத்தீர்கள். மூஸ் வரவே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் மாசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று இரண்டு தரம் வந்தேன். இரண்டு தரமும் நீங்கள் நித்திரை. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் தரம் வரமுதல் போய்விட்டீர்கள். ஆசைப்பட்ட ஒன்றைக் கண்முன்னே வைத்துக்கொண்டு உங்களுக்குக் காட்டாமல் விட்டுவிட்டேனே என்று அன்றிலிருந்து எனக்குத்தான் நித்திரை இல்லை. இப்போது முன்கதவுப் பூட்டை மூன்று தரம் போய்ப் பார்ப்பது நான்.

உங்கள் மகள் சென்ற மாதம் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் கராஜை ஒதுக்கும்போது உங்கள் சாமான்களோடு டென்றைக் கண்டிருக்கிறாள். "மாமி, இதை டொனேட் பண்ணட்டோ?" என்று போன் எடுத்தாள். "அதைத் தொட்டாயெண்டால் தெரியும்" என்றேன். "அப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

சனிக்கிழமை போனோம். காட்டோரத்தில் நின்று "வீட்டுக்காரர்! வரலாமோ?" என்று கூப்பிட்டேன். குரல் பாதியில் உடைந்தது. மிச்சத்தை அவள் கூப்பிட்டாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு பாறையில் உட்கார்ந்தோம். பாறையில் அதே இளஞ்சூடு. "கொஞ்சம் சாயுங்கோ மாமி, நான் இருக்கிறன்" என்றாள். எனக்கு வராது என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில் மறுகரைக்குப் போயிருந்தது. உங்கள் மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கொப்பு. கன்னமெல்லாம் நனைந்து, முகம் வெளிச்சம் ஏற்றி வைத்தது போல இருந்தது.

"ஏதேனும் வந்ததோ, பிள்ளை?"

"இல்லை மாமி. நத்திங்." கொஞ்சம் கெதியாகச் சொன்னாள். உடனே எழும்பி, "நீங்க இருங்கோ, கேத்தில் நான் கழுவுறன்" என்று எனக்கு முந்திக் கரைக்கு ஓடினாள். காலால் சேற்றை மட்டப்படுத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, மச்சாள். அன்றைக்கு நீங்கள் குளம்படிகளைப் பார்த்துவிட்டீர்கள். நான் எதை விட்டுவிட்டு எதைக் காத்தேன் என்று தெரிந்துகொண்டுதான் மேலே ஏறி வந்தீர்கள். கோபம் இல்லை என்று உங்கள் பாணியில் அன்றைக்கே சொல்லியும்விட்டீர்கள். நான்தான் ஐந்து கோடை கழித்துக் கேட்கிறேன்.

எழும்பிப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் காணும். போகவில்லை. அவள் கேத்திலோடு மேலே வரும்வரைக்கும் பாறையில் இருந்தேன்.

"நாளைக்கும் மத்தியானம் நான் படுக்கப்போறன், பிள்ளை. நீ இருக்கிறாய்தானே?"

"ஓம் மாமி" என்றாள்.