திட்டுவதை நிறுத்திய வாடிக்கையாளர்

என் வீட்டு எஜமானிக்கு,

நான் நலம். நீயும் சின்னவளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. நாங்கள் குளிர்பதனக் கிடங்கு கட்டிக்கொடுக்கும் வாடிக்கையாளர் தினமும் காலையில் போன் போட்டு, "என்னய்யா, கதவு வந்துச்சா இல்லையா?" என்று என்னைக் காய்ச்சி எடுப்பாரே, எழுதியிருந்தேனே. அவருக்குப் பதில் சொல்வதுதான் என் வேலையே. திங்கட்கிழமைக் கூட்டத்தில், வேலை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"ஆளு வழிக்கு வந்துட்டாருடா!" என்று மேனேஜருக்கு ஒரே குஷி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திட்டும்வரை அவர் நம்மைக் கைவிடவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து போனே இல்லை. நான் போட்டாலும் எடுப்பதில்லை. நேற்று முன்பின் தெரியாத இரண்டு பேர் கிடங்குக்குள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். யாரென்று கேட்டேன். "சும்மா பாக்க வந்தோம்" என்றார்கள், என் முகத்தைப் பார்க்காமல். வேறு கம்பெனி ஆட்களாக இருக்கும்.

நீ கவலைப்படாதே. இது போனால் இன்னொரு வேலை. உன் பழைய புடவையில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. இங்கே இருப்பது கன்னத்தை அறுக்கிறது.

லீவு மறுபடியும் தள்ளிப்போனதற்கு, "பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். முன்பெல்லாம் பக்கம் பக்கமாகத் திட்டுவாய்.

வண்டி வந்துவிட்டது, ஓடவேண்டும். பதிலில் என்னை நாலு வார்த்தையாவது திட்டு.

உன் வீட்டுக்காரன்