லீட்ஸுக்குப் போன தொப்பி

ஜூன் 3, செவ்வாய்

விடைத்தாள் கட்டு பாதி பாக்கி. நிகழ்தகவு என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருத்தி, ‘கடவுள் நினைத்தால் நடப்பது’ என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன்.

மாலையில் மைனி வந்தாள். இவருடைய அக்கா புஷ்பம். கே.கே. நகரிலிருந்து ஆட்டோவில், கையில் அல்வாவோடு. என் மகள் மீனாட்சிக்கு இங்கிலாந்தில், படித்த லீட்ஸிலேயே வேலை கிடைத்ததற்கு. அடுத்த மாதம் அவளுடைய பட்டமளிப்புக்கு நாங்கள் மூவரும் போகிறோம். விசா வந்துவிட்டது. அரங்கத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். எனக்கும் இவருக்கும். மைனி ஊர் பார்க்கத்தான் வருகிறாள்.

அல்வாவை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “பிள்ளைக்கு வேல கெடச்சா மொட்டைன்னு செந்தூரானுக்கு நேந்துக்கிட்டேன்லா. பிளேன் ஏறுததுக்குள்ள முடிச்சிரணும்.”

“எப்போ போறீங்க மைனி?”

“நான் எங்க போக? முடி ஒன்னோடதுல்லா! பெத்தவ முடியத்தான் நேந்திருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலியே?”

“நல்ல காரியத்துக்கு எவ கேட்டுக்கிட்டு நேருவா?”

இவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவருடைய பங்கு அவ்வளவுதான். மைனிக்கு அறுபதைத் தாண்டியும் பின்னல் இடுப்பைத் தொடுகிறது. பேசி முடிக்கும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 5, வியாழன்

இவர்: “எனக்கும் நம்பிக்கை இல்லதான் லதா. ஆனா நாளைக்கு மீனுவுக்கு ஒரு ஜுரம் வந்தாக்கூட உன்னைத்தான் சொல்வாங்க.”

உன்னைத்தான் சொல்வார்கள் — யார்? நீங்களும்தானே?

ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவது காரணமாகிவிடாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்லி ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

திருச்செந்தூர். முடிந்தது. கீழே கிடந்ததைப் பார்த்து மைனி, “இம்புட்டு அடர்த்தியா வச்சிருந்தியா!” என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

மீனாட்சி என்னை ஃபோனில் பார்த்ததும் கேமராவை அணைத்துவிட்டாள். குரல் மட்டும் வந்தது.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“வேண்டுதல்.”

“நீயா? நீ வேண்டிக்கிட்டியா?”

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பட்டமளிப்புக்கு அச்யுத்தின் அப்பா அம்மா வருகிறார்களாம். அச்யுத் என்று ஒருவன் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். “ரெண்டு பேரும் டாக்டர்ஸ்மா. ஒண்ணு கேன்சர்னு நினைப்பாங்க, இல்ல பட்டிக்காடுன்னு நினைப்பாங்க. ரெண்டும் வேணாம். நல்ல தொப்பியா ஒண்ணு வாங்கிக்கோ. எனக்குப் படம் அனுப்பிட்டு வாங்கு.”

உன் வேலைக்காகத்தான் இந்தத் தலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? நான் கேட்டேனா என்றுதான். சரியான கேள்விதான் அது. நானும் அதைத்தான் மைனியிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

பாண்டி பஜார். மூன்று பேரும் போனோம். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொப்பிக் கடை இனாயத் பாய் கண்ணாடி முன்னால் அதை எடுக்கச் சொன்னபோது தெருவே நின்று பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. மைனி மட்டும் பார்த்தாள்.

கம்பளிக் குல்லாய். மீனாட்சியின் பதில் வந்தது: ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.’

முன்னால் மூக்கு நீண்ட விளையாட்டுத் தொப்பி. “பெட்ரோல் பங்க்ல நிக்குத பிள்ள மாதிரில்லா இருக்கா!” என்றாள் மைனி. இவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்தினார்.

வட்டமான துணித் தொப்பி. ‘மீன் பிடிக்கப் போறியாம்மா?’

“இன்னா மேடம், ஊருக்குப் போறது நீங்களா பொண்ணா? இத்தப் போடுங்க” என்று பாய் மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். வெளிர் வைக்கோல் நிறம், அகலமான விளிம்பு, கறுப்பு ரிப்பன். “பாருங்க, லண்டன்ல பொறந்தவங்க மாரி கீறீங்க.”

கண்ணாடியில் யாரோ ஒருத்தி. படித்தவள், பயணம் போகிறவள், யாருக்கும் எதையும் விளக்க வேண்டாதவள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மீனாட்சி: ‘ஓகே. இது பரவால்ல.’

“குடுத்து வச்சவ” என்றாள் மைனி. தொப்பியின் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் போட்டுக்கொண்டு காபி குடித்தேன்.

ஜூன் 21, சனி

மீனாட்சி பேசினாள். அரங்கத்துக்குள் அகலத் தொப்பி கூடாதாம், பின்வரிசைக்கு மறைக்குமாம்.

சின்னதாக வேறு வாங்குகிறேன் என்றேன்.

“சின்னதுல பின்னாடி தெரியும்மா.”

அதற்குள் முளைத்துவிடும் என்றேன்.

“அரையும் குறையுமா முளைச்சா அதைவிட மோசம்.” பிறகு குழைந்தாள். அந்தக் குழைவு எனக்குத் தெரியும், சைக்கிள் கேட்டபோது வந்தது. “ஃபோட்டோ லைஃப் முழுக்க இருக்கும்மா. ஹாலுக்கு மட்டும் அப்பாவும் அத்தையும் வரட்டுமே? அத்தை பட்டுப்புடவை கட்டி, பின்னல் போட்டு, பூ வச்சு... அழகா இருக்கும்ல? நீ ஃப்ளாட்ல ரெஸ்ட் எடு. சாயங்காலம் கேக் வெட்டலாம்.”

இவரைப் பார்த்தேன். “ஒரு மணி நேரந்தானே லதா” என்றார்.

ஒரு மணி நேரந்தான். மொட்டை போட அதைவிடக் குறைவாகத்தான் ஆனது.

என் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தேனா? இருந்தேன். யாரும் கெஞ்சவில்லை.

ஜூலை 9, புதன்

கிளம்பிவிட்டார்கள். வாசலில் மைனி, “அந்தத் தொப்பி சும்மாதான கெடக்கு? வீணாப் போயிரும்லா” என்றாள். எடுத்து வந்து நானே அவள் தலையில் வைத்தேன். பின்னலுக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜூலை 18, வெள்ளி

படம் வந்தது. கறுப்பு அங்கியில் மீனாட்சி. ஒரு பக்கம் இவர். இன்னொரு பக்கம் மாம்பழ நிறப் பட்டில் மைனி, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் உயரமாக ஒரு பையன், இரு டாக்டர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மகளுக்குச் சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் குழியும். அதை நேரில் பார்க்கப் போகிறேன் என்று மார்ச்சிலிருந்து...

போதும்.

குடும்பக் குழுவில் எழுதினேன்: ‘படம் அழகு. மைனி, இந்த வயதில் இவ்வளவு தூரம் போகிறீர்களே என்று எனக்குப் பயம். நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வந்தால் உங்கள் முடியைத் தருவதாகச் செந்தூரானுக்கு நேர்ந்துகொண்டேன்.’

பார்த்துவிட்டார்கள்.

நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. எதையும் நேரவில்லை. மாம்பழ நிறத்தைப் பார்த்தேன், தட்டச்சு செய்தேன்.

ஜூலை 19, சனி

இவர் ஃபோனில் கத்தினார். “விளையாடுறியா? நீதான் சாமியே கும்பிட மாட்டியே!”

“மொட்டை போட்டப்புறம் நம்பிக்கை வந்துடுச்சு.”

“அக்கா நேத்துலேர்ந்து சாப்பிடல. பிளேன் ஏறமாட்டேங்கறா.”

“செய்றேன்னு மனசுல சொல்லிட்டு ஏறச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது.”

“வேணாம்னு சொல்லிடு லதா. ஒரு வார்த்தை.”

“சாமிகிட்ட சொன்னதை நான் எப்படி மாத்த?”

மதியம் மீனாட்சியிடமிருந்து: ‘அம்மா, இது ரொம்பக் கொடூரம். யாரையும் கேக்காம நீ எப்படி?’

‘நல்ல காரியத்துக்கு யார் கேட்டுக்கொண்டு நேர்வார்கள்?’ என்று பதில் போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மைனி திரும்பிவிட்டாள். வானிலை மோசம், விமானம் ஆடியதாம். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாளாம். நல்லது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருச்செந்தூர். துணைக்கு வரச் சொன்னது மைனிதான். “நீ நேந்தது, நீ பக்கத்துல நிக்கணும்” என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. இவர் ரயிலில் ஏறியதுமே மேல் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மண்டபத்தில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம். பின்னலை அவளே அவிழ்த்தாள். தண்ணீர் தெளித்ததும் அவள் இன்னும் சின்னதாகிவிட்டாள். முதல் இழுப்புக்கு முன்னால் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பயந்த, நம்புகிற கண். “மனசார நேந்தியா லதா?” என்று கேட்டாள்.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். இப்போது இல்லை என்று சொன்னாலும் போதும். நாவிதர் கத்தியோடு காத்திருந்தார்.

“புது பிளேடு போடுங்க” என்றேன் அவரிடம்.