அண்ணன் வைத்த கைநாட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பத்து பெரண்டாம் ஊரில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் அரை நாள் லீவு. அண்ணியோடு வக்கீல் ஆபீஸ்.

அண்ணன் போய் ஐந்து மாதம். பெம்பான் ஊரில் உள்ள தன் வீடு அண்ணிக்கே என்று உயில் எழுதி வைத்திருக்கிறார். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கட்டைவிரல் கைநாட்டு. ஒரு சாட்சி நான். இன்னொருவர் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் முனியாண்டி. அவர் அப்போது கீழே கேன்டீனில். தாளைக் கொண்டுபோய் அங்கேதான் கையெழுத்து வாங்கினேன்.

வக்கீலம்மா: "ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல அவர் முன்னாடி இருந்திருக்கணும். இல்லேன்னா உயில் செல்லாது. கோர்ட்டுல சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பாங்க."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை.

கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு இல்லை. உயில் செல்லாவிட்டால், பதிவைத்தான் பார்க்கும் இந்த நாட்டுச் சட்டத்துக்கு அண்ணி யாரோ. பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. வீடு எனக்கும் தம்பி சேகருக்கும். உண்மை சொன்னால் எனக்கே பாதி வீடு. எழுதவே கூசுகிறது.

மார்ச் 6, வியாழன்

ஓவர்டைம். முழங்கால் வலி. வாங்க: சோப்பு, கோழி, சாமிக்குப் பூ.

உயில் செல்லாது என்று கேஸ் போட்டிருக்கும் சேகர் போன். "அக்கா, நடந்தத மட்டும் சொல்லு. அந்தம்மாவுக்காக நீ ஏன் ஜெயிலுக்குப் போற?" அந்தம்மாவாம். அவர் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டவன்.

அன்று அண்ணன் உடலைக் குளிப்பாட்டும்போது கட்டைவிரல் மை போகவே இல்லை. எலுமிச்சை தேய்த்தும் நகக்கண்ணில் நீலம். அப்படியேதான் கொண்டுபோனார்கள். இன்று ஃபேக்டரியில் கை கழுவிக்கொண்டே நின்றிருக்கிறேன். பக்கத்து மெஷின் பெண்: "என்னக்கா, இன்னும் போகலயா?" கையில் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் கண் அசந்தேன். பக்கத்து சீட்டில் அண்ணன். பேச்சு வரவில்லை. விரலை மட்டும் நீட்டினார். இறங்குமிடம் தாண்டிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

கோர்ட். ஏசி குளிர். சேகரின் வக்கீல் கேட்டார், முனியாண்டி எங்கே கையெழுத்துப் போட்டார் என்று.

அண்ணி இருந்த பக்கம் பார்க்கவில்லை. கதவோரம் யாரோ நின்றார், அண்ணனைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து.

"கேன்டீன்ல."

முனியாண்டியும் அதையே சொன்னார்.

வெளியே அண்ணி: "உங்க அண்ணனா இருந்தா எனக்காகப் பொய் சொல்லிருப்பாருலா, லெச்சுமி." கோபம்கூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் தள்ளிப் போய் நின்றார்.

ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தீர்ப்பு. வீடு அண்ணிக்குப் போக வேண்டும் என்பதே அவர் விருப்பம், அதில் சந்தேகமில்லை என்றார் நீதிபதி. ஆனால் சாட்சிக் கையெழுத்து முறைப்படி இல்லை. அதைத் தாண்டி ஏற்கத் தனக்கு அதிகாரமும் இல்லை. உயில் தள்ளுபடி.

என் பாதியை அண்ணி பேருக்கு மாற்ற வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். சேகர் தன் பாதியை விற்கப் போகிறானாம்.

அண்ணிக்குப் போன் செய்தேன். "பாதி வீட்டுல எப்படி இருக்கிறது? அடுப்பு யாருக்கு, கட்டில் யாருக்கு?"

ஏப்ரல் 20, ஞாயிறு

நல்ல வெயில். சேகர் காரில் பெம்பான். வீட்டை அளக்க டேப் எடுத்து வந்திருந்தான். வழியெல்லாம் விலைப் பேச்சு. எனக்குத் தலைவலி.

கேட்டைத் திறந்தான். செருப்பைக் கழற்றினான். வாசலில் நின்று, வழக்கம்போல, "அண்ணே" என்று கூப்பிட்டான்.

கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.

அண்ணி வந்தார். "உள்ள வா, தம்பி."

கூடம் வரை வந்தான். அண்ணனின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. அதற்கு மேல் அவன் கால் வைக்கவில்லை.

"விக்கல" என்றான். அண்ணியிடம் சொன்னானா, அந்த அறைக்குச் சொன்னானா, தெரியவில்லை.