மாப்பிள்ளை போனுக்கு நெட் கொடுத்த வாரம்

சித்திரை 21, திங்கள்

வெயில். ஊரில் உருகாமல் நிற்பது மலை ஒன்றுதான். காலையில் பல்செட்டைக் கழுவித் தண்ணீரில் வைத்தேன், பத்து நிமிடத்தில் கொதிநிலை.

பெங்களூரிலிருந்து தங்கை மரகதத்தின் மகள் கலா போன். "மாமா, அம்மா ரூமெல்லாம் மறுபடி வாடகைக்கு விடணும். புக்கிங் எல்லாம் நெட்லதான். அதுக்கு ஒரு எழவும் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

உங்களுக்கே தெரியுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று முதல் நான் செங்கம் ரோட்டின் இணையச் சக்கரவர்த்தி.

மாப்பிள்ளை தனபால், மரகதத்தின் வீட்டுக்காரர், போய் எட்டு மாதம். பின்தெருவில் மூன்று அறை, வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுவார். அன்றிலிருந்து மூன்றும் பூட்டு. மரகதம் வாயும் அப்படியே.

வாங்க: கொசுவத்தி, கண் சொட்டு மருந்து.

செவ்வாய்

முதல் பாடம். மரகதம் வெண்டைக்காய் நறுக்க, நான் பிரசங்கம். மறக்காமல் இருக்க இங்கேயும்:

வெப்சைட் – உலகத்துக்கே தெரியும்படி போட்ட கடை.
டொமைன் – அதன் விலாசம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.
ஹோஸ்டிங் – கடை நிற்கிற இடம். எங்கேயோ, யாருடைய கம்ப்யூட்டரிலோ.
பிரவுசர் – அங்கே கூட்டிப்போகும் ஆட்டோ. பௌர்ணமிக்கும் ரேட் ஏற்றாத ஒரே ஆட்டோ.
குக்கி – பிஸ்கட் இல்லை. நீ வந்துபோனதைக் குறித்துவைக்கும் எதிர்வீட்டு அம்மாள்.

"அந்த வட்டமா சுத்துதே, அது என்னாண்ணா?"

லோடிங் என்று சொல்லியிருக்கலாம். சக்கரவர்த்தி அப்படிச் சொல்வாரா? "அது கிரிவலம்மா. சுத்தி முடிச்சாதான் தரிசனம்."

சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

புதன்

கால் வீக்கம். மாத்திரை மறந்தேன்.

மரகதம் மாப்பிள்ளையின் பழைய போனைக் கொண்டுவந்தாள். சிம் அப்போதே சரண்டர். நெட் கிடையாது. ஆனால் அவர் கடைசியாகத் திறந்த பக்கம் அப்படியே நிற்கிறது. எங்கள் அறைகளின் வெப்சைட். அதில் ஒரு பட்டன், அழுத்தினால் மாப்பிள்ளை குரல்:

"வெல்கம் சார், வெல்கம் மேடம். ஹாட் வாட்டர் மார்னிங் சிக்ஸ் டு எய்ட் ஒன்லி." பிறகு குக்கர் விசில். அதற்குமேல் ஒரு கத்தல்: "மரகதம்! அதை நிறுத்துடீ!"

அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் வந்து இறங்கியதும் "வேர் இஸ் மரகதம்?" என்றாராம்.

தினமும் காபி போட்டதும் ஒரு தடவை கேட்கிறாளாம். கலாவுக்குக்கூடத் தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னாள்.

வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டாம் பாடம்: ரிஃப்ரெஷ். பழசைத் தள்ளிவிட்டுப் புதுசாகக் கொண்டுவருவது. வாயால் சொன்னால் போதாதா. மாப்பிள்ளை போனை எடுத்தேன். என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு அதற்கு நெட் கொடுத்தேன். "எட்டு மாசமா பட்டினி கிடந்த போனும்மா, பாரு விருந்தை" என்றேன். கட்டைவிரலால் பக்கத்தைக் கீழே இழுத்தேன்.

வட்டம் சுற்றியது. வெள்ளைத் திரை. இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.

பட்டன் இல்லை. படம் இல்லை.

"என்னாச்சுண்ணா?"

"சுத்துதும்மா. கூட்டம் ஜாஸ்தி. வரும்."

காபி ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அவளும் குடிக்கவில்லை.

வெள்ளி

தேரடி வீதி கம்ப்யூட்டர் சென்டர். மின்விசிறி ஓடவில்லை. அங்கிருந்தவர் பொறுமையாக எல்லாம் தட்டிப் பார்த்தார்.

"டொமைன் எப்பவோ காலாவதி சார். ஹோஸ்டிங்கும் முடிஞ்சிருக்கு, ஃபைலெல்லாம் அழிச்சிருப்பாங்க. முன்னாடியே மெயில் அனுப்பியிருப்பாங்களே?"

அனுப்பியிருப்பார்கள். செத்தவருக்கு.

"அப்ப நேத்து வரைக்கும் தெரிஞ்சுதேப்பா?"

"அது போன்ல தங்கின காப்பி சார். கேஷ்னு சொல்லுவாங்க. நெட் குடுக்காம அப்படியே எடுத்தாந்திருந்தா, பக்கத்துல இன்னொரு போனை வெச்சு குரலை ரெக்கார்டு பண்ணியிருக்கலாம். யாரு சார் ரிஃப்ரெஷ் பண்ணது?"

"தெரியலை" என்றேன்.

சைட் செய்துகொடுத்தவர் நம்பர் உபயோகத்தில் இல்லை. கலாவைக் கேட்டேன், அப்பா குரல் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று. "போட்டோதான் மாமா இருக்கு. ஏன்?" சும்மா, என்றேன்.

பேக்கப் – போவதற்கு முன்பே எடுத்து வைக்கவேண்டியது. இந்த வார்த்தையை முதல் பாடத்தில் சொல்லவில்லை.

சனி, பௌர்ணமி

மதியத்திலிருந்தே ரோடு நிறையக் கூட்டம். ஆட்டோ உள்ளே விடவில்லை. மரகதம் வீட்டுக்கு நடந்தே போனேன். கால் மறுபடி வீக்கம்.

வழியெல்லாம் ஒத்திகை. போயிடுச்சும்மா, இனிமே வராது, நான்தான் இழுத்தேன். மூன்று வாக்கியம். நாற்பது வருடம் ஊரையே வாயால் வாங்கி விற்றவனுக்கு மூன்று வாக்கியம் கிரிவலப் பாதை முழுக்க நீண்டது.

மரகதம் குளித்து, தலை ஈரமாக, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாப்பிள்ளை போன். பக்கத்தில் கிண்ணத்தில் புளியங்கொட்டை, தரையிலும் வரிசையாகக் கொஞ்சம்.

"நெட் போடுண்ணா. காலையிலேர்ந்து அது இல்லாமயே பண்ணிட்டிருந்தேன்."

போட்டேன். ஏன் போட்டேன்?

ரீலோட் அழுத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது, வெள்ளைத் திரை. ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"என்னம்மா இது?"

"நூத்தெட்டு சுத்து வேண்டியிருக்கேன். நீதானே சொன்னே, சுத்தி முடிச்சாதான் தரிசனம்னு."

"மரகதம், அது வந்து..."

"பேசாதண்ணா, எண்ணிக்கை தப்பும்."

எதிரில் உட்கார்ந்து கொட்டைகளை எண்ணினேன். தரையில் அறுபத்தொன்று. என் போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம்.