செண்பகம், நீ என்ன பாடினாய் என்று மகள் கேட்டாள்

என் செண்பகத்துக்கு,

நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் எல்லாம் பழையபடிதான். நான் இன்னும் கார்ப்பரேஷன் டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாகக் கொசு மருந்து அடிக்கிறேன். கொசுவும் குறைந்தபாடில்லை. நம் ராணிக்குப் பதினாறு முடிந்துவிட்டது, உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலேயே தையலும் படிக்கிறாள். போன வாரம் எனக்கு ஒரு சட்டை தைத்தாள். ஒரு கை கொஞ்சம் நீளம். அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்று இருக்கிறது. போன மாதம்வரை அது எனக்கே தெரியாது.

எமர்ஜென்சி போட்ட வருஷத்து மழை உனக்கு நினைவிருக்குமே. மூன்று வயது ராணிக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் கூப்பிட்டால் திரும்பவில்லை. போட் ஏறி எர்ணாகுளத்துக் காது டாக்டரிடம் போனோம். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு மணியை அடித்தார். பிறகு இன்னும் பலமாக அடித்தார். ராணி மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மணியைக் கீழே வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி, விளக்கேற்றி, ராணியை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாய். வழக்கமாகப் பாடும் மாரியம்மன் பாட்டு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"பிள்ளைக்கும் கேக்கலை, சாமிக்கும் கேக்கலை. யாருக்குடி பாடுறே? நீ என்ன கல்லா?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நீ பாட்டை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாய். உன் கண்ணில் கோபம் இல்லை.

"நான் பாடுறது இவளுக்குக் கேக்கலைங்க. அதுக்காக அம்மா இல்லைன்னு நெனைச்சாளா? மடியை விட்டு எறங்கலையே. எனக்கும் அம்மன் சொல்றது கேக்கலை. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ராணியின் கையை எடுத்து உன் தொண்டைக்குழியில் வைத்தாய். மறுபடியும் பாடினாய். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு உன்னையே பார்த்தாள்.

எனக்குக் கோபம்தான் கூடியது. அதன்பிறகு பதினொரு வருஷம் நான் கோவிலுக்குள் போகவில்லை. உங்கள் இருவரையும் வாசல்வரை கொண்டுவிட்டு எதிர்க்கடையில் சாயா குடித்தபடி நிற்பேன். நீ வீட்டில் பாட ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவேன். நீ ஒருநாளும் தடுத்ததில்லை. ஏன் தடுக்கவில்லை, செண்பகம்?

பிறகு உன் வயிற்றில் கட்டி. அறுத்தும் பயனில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி வரும்போது பாட்டு நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வாய். வலி இறங்கியதும், விட்ட சொல்லிலிருந்தே தொடர்வாய். அடுப்படியில் நின்றுகொண்டு நான் அந்த இடைவெளியை மட்டும் கேட்பேன்.

கடைசி நாள் மத்தியானம் உன் உதடு அசைவதும் நின்றுவிட்டது. "நெனவு போயிடுச்சு" என்று நான் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராணி உன் தலைமாட்டில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்ததுபோல உன் தொண்டையில் விரல் வைத்திருந்தாள். திடீரென்று எங்களைப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். என் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள்.

நீ பாடிக்கொண்டிருந்தாய்! போட் கரையை நெருங்கும்போது படகுத்துறைப் பலகையில் நிற்பவன் பாதத்தில் ஒரு அதிர்வு ஏறுமே, அந்த மாதிரி. சத்தம் துளியும் இல்லை. காதுள்ளவர்கள் பத்துப் பேர் இருந்த அறையில் அது தெரிந்தது நம் மகளுக்கு மட்டும்தான். யார் முன்னால் நிற்கிறேன் என்று தெரியாமல் கைகூப்பினேன்.

அதற்குப் பிறகும் கோவிலுக்குள் போக மனம் வரவில்லை. உன்னை எடுத்துக்கொண்டவளிடம் எனக்கு என்ன பேச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி ஒரு காகிதத்தை நீட்டினாள். அவளுக்கு மலையாளம்தானே எழுத வரும். "அம்ம எந்தாணு பாடியிருந்நது?" என்று கேட்டிருந்தாள். அம்மா என்ன பாடிக்கொண்டிருந்தாள்?

நான் பேனாவை வாங்கினேன். ஒரு வார்த்தை எழுத வரவில்லை. காது நன்றாகக் கேட்ட நான், இத்தனை வருஷத்தில் உன் பாட்டில் ஒரு வரியைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் சுக்குக் கிடங்குக்குப் போனேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்தாளே ஐசும்மா, அவளிடம் கேட்டேன். உன்னோடு பேசிப் பேசி அவளுக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. நான் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு வரியும் கேட்டிட்டில்லே, சேட்டா? பதினாலு வருஷம் என் பக்கத்துல இருந்து பாடியதல்லே!"

பிறகு மெதுவாகச் சொன்னாள். "மோளுக்குக் காது போச்சுன்னு டாக்டர் சொன்னாரே, அதுக்கு மறுநாள் வந்து இந்தச் சாக்குமேல விழுந்து அழுதா. உங்க அம்மனை வழக்கு பறஞ்ஞா. வாய்க்கு வந்தபடி திட்டினா. அப்புறம் மூக்கைத் துடைச்சிட்டுப் பாடினா. எல்லா நாளும் அப்படித்தான். முதல்ல அழுகை, பின்னெப் பாட்டு. வீட்டில அழுதா மோளும் சேட்டனும் ஒடஞ்சு போவீங்கன்னு சொல்லுவா."

கல்லா என்று கேட்டவன் நான். அந்தச் சுக்கு நெடியில் கண்ணீர் வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஐசும்மா கண்ணை மூடி, நீ அன்று சொந்தமாகக் கட்டிய பாட்டை உன் ராகத்திலேயே பாடினாள்:

பேசாத தாயே மாரியம்மா, நீ
பேசாட்டி என்ன, போயிட்டியா?
என் முந்தானையைப் பிடிச்ச கை
உன் கைதானே மாரியம்மா?

மலையாளத்தில் மாற்றி எழுதிக் கொண்டுபோய் ராணியிடம் கொடுத்தேன். விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். அது யாருடைய கை என்று சைகையில் கேட்டாள். நான் மேலே காட்டினேன். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இரண்டும் சரிதானா, செண்பகம்?

போன வெள்ளிக்கிழமை கோவிலுக்குள் போனேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மன் முகத்தைப் பார்த்தே கேட்டேன். ஒரு பதிலும் இல்லை. ஆனால் வெளியே வரவும் தோன்றவில்லை. நடை சாத்தும்வரை நின்றேன். இத்தனை பெரிய மௌனத்தின் முன்னால்தான் நீ தினமும் அழுது முடித்துப் பாடினாயா?

ஐசும்மாவுக்கு இன்னும் ஏழெட்டுப் பாட்டு நினைவிருக்கிறதாம். ஒன்று விடாமல் எழுதி ராணி கையில் கொடுப்பேன். அதோடு, இனி வெள்ளிக்கிழமைகளில் நானே பாடுவேன். எனக்குக் குரலும் இல்லை, தாளமும் நிற்காது. அழுகை வந்தால் அழுவேன். அம்மன் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் பாடுவேன். இது உன்மேல் சத்தியம்.

இப்போதுதான் உன்னைக் கேட்கத் தொடங்கியிருக்கும்
உன் வீட்டுக்காரன்,
ராணியின் அப்பா